இரண்டு சிறு குழந்தைகளோடு வசந்தகால வார இறுதிகள்: வெளியே போய்வர முழுமையான வழிகாட்டி

எங்கள் பெரியவளுக்கு நான்கு வயது, சின்னவனுக்கு ஒன்றரை. குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்துவிட்டு, முதல் இளவெயில் விழுந்த சனிக்கிழமையே ஒன்றரை மணி நேரக் கார் பயணத்தில் இருந்த ஒரு பெரிய பூந்தோட்டத்துக்குக் கிளம்பினோம். போய்ச் சேர்ந்தபோது சின்னவனுக்குத் தூக்க நேரம், பெரியவளுக்குப் பசி. பூக்களைப் பார்த்தது நானும் கணவரும்தான், அதுவும் ஒருவர் மாற்றி ஒருவர். அடுத்த வாரம் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிற சின்னப் பூங்காவுக்குப் போனோம். ஒரே மரத்தடியில் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் விளையாடினார்கள். திரும்பக் கூப்பிட்டபோதுதான் அழுதார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் போகிற விதமே மாறிவிட்டது. பக்கத்தில் போகிறோம், கொஞ்ச நேரம் போகிறோம், போன இடத்துக்கே மறுபடியும் போகிறோம். இந்த மூன்றாவதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். வசந்தத்தில் ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மாற்றம் ஒரு குழந்தையின் கண்ணில் பட வேண்டுமென்றால், போன வாரம் அந்த இடம் எப்படி இருந்தது என்று அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் தூக்க நேரம், அப்புறம்தான் இடம்

எங்கே போவது என்று யோசிக்கும் முன் ஒரு தாளில் சின்னக் குழந்தையின் பகல் தூக்க நேரத்தை எழுதுங்கள். பயணத்தின் எல்லையை அதுதான் தீர்மானிக்கும். ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. மூன்று, நான்கு வயதில் அது 10 முதல் 13 மணி நேரம். பகல் தூக்கத்தில் ஒரு மணி நேரம் குறைந்தால் அதற்கான விலையை அன்று மாலையே கொடுத்துவிடுவோம்.

எங்கள் சின்னவன் மதியம் ஒரு மணிக்குத் தூங்குவான். அதனால் காலை எட்டரைக்குக் கிளம்பி பன்னிரண்டு மணிக்குள் வீட்டுக்குள் இருப்போம். கையில் இருப்பது மூன்றரை மணி நேரம். அதில் போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம், செருப்பு தேடவும் மாட்டவும் கழற்றவும் இன்னும் இருபது நிமிடம் போனால் மிச்சம் இரண்டரை மணி நேரம். சிறு பிள்ளைகளுக்கு இது தாராளம்.

கைக்குழந்தை காரில் தூங்கிக்கொள்ளும் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. வழியில் தூங்கிவிட்டால் தப்பில்லை. ஆனால் கார் சீட்டில் சரிந்த நிலையில் பச்சைக் குழந்தையின் தலை முன்னால் தொங்கினால் மூச்சுக்குழாய் நெருக்கப்படலாம். அதனால் சேர்ந்த உடனே வெளியே எடுத்துத் தட்டையான இடத்தில் படுக்க வையுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தள்ளுவண்டி, சீட் போன்றவற்றில் ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்க வேண்டாம் என்கிறார்கள். ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்பதும் அதில்தான். இதை வைத்துப் பார்த்தால் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் பிடிக்கிற இடங்கள் தானாகவே பட்டியலிலிருந்து கழிந்துவிடும்.

வசந்தத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாட்டில் இருந்தால், அந்த வாரம் மட்டும் தூக்க நேரத்தைத் தினம் பத்துப் பதினைந்து நிமிடமாக நகர்த்திக்கொண்டு வாருங்கள். அந்த வார இறுதியில் பயணம் எதுவும் வேண்டாம்.

அப்புறம், இரண்டு நாளும் வெளியே போகாதீர்கள். சனி என்றால் சனி மட்டும். மறுநாள் குழந்தைகள் நேற்றுப் பார்த்ததை வீட்டில் விளையாடித் தீர்ப்பார்கள், நீங்களும் துணி துவைக்க வேண்டும்.

மூன்று இடங்கள் போதும்

பருவம் முழுமைக்கும் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று நடந்து போகக்கூடியது, மரமும் புல்லும் இருந்தால் போதும். இரண்டாவது தண்ணீர் இருக்கிற இடம்: குளம், ஓடை, ஏரிக்கரை எதுவானாலும் சரி. மூன்றாவது மழை பெய்தால் ஒதுங்க: நூலகமோ அருங்காட்சியகமோ கூரை போட்ட விளையாட்டிடமோ.

இடத்தைப் பார்க்கும்போது நான் கேட்கும் கேள்விகள் நான்குதான். கழிப்பறை எவ்வளவு தூரம்? பாதையில் தள்ளுவண்டி போகுமா? உட்கார நிழல் உண்டா? வாகனச் சாலைக்கும் புல்வெளிக்கும் நடுவே வேலி இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், அது எவ்வளவு அழகான இடமானாலும் நான் விட்டுவிடுவேன். பெரியவள் வடக்கே ஓட, சின்னவன் தெற்கே ஓடும் நொடி கட்டாயம் வரும். அப்போது சாலை தூரத்தில் இருப்பது போதாது, நடுவே தடுப்பும் வேண்டும்.

தூரத்தைப் பொறுத்தவரை, நான்கு வயதுக் குழந்தையின் வேகத்தை மணிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குச்சி, கல், எறும்பு எல்லாவற்றுக்கும் நின்றுதான் நகரும். அந்த நிற்றல்களுக்காகத்தான் போகிறோம் என்பதால் அவசரப்படுத்த வேண்டாம்.

முந்தின இரவு

பையைக் காலையில் கட்டக் கூடாது. இரவே கட்டி வாசலில் வைத்துவிடுங்கள். எங்கள் பையில் எப்போதும் இருப்பவை: இருவருக்கும் முழு மாற்றுடை ஒரு செட், அதிலும் காலுறை இரண்டு ஜோடி, டயபர் மூன்று, ஈரத் துடைப்புத் தாள், தண்ணீர், இரண்டு பெரிய பிளாஸ்டிக் பைகள், ஒன்று நனைந்த துணிக்கு, ஒன்று குப்பைக்கு, பிளாஸ்திரி, கூர்முனை இடுக்கி, ஒரு பழைய போர்வை. போர்வைக்கு அடியில் விரிக்க நீர் புகாத விரிப்பு ஒன்றும் வேண்டும். வெயில் அடித்தாலும் வசந்தத்தில் மண் ஈரமாகவும் சில்லென்றும் இருக்கும், பத்து நிமிடத்தில் உட்காருமிடம் நனைந்துவிடும்.

தின்பதற்கு எதைக் கொண்டுபோனாலும் வெட்டும் விதம் முக்கியம். திராட்சை, செர்ரித் தக்காளி போன்ற உருண்டையானவற்றை நீளவாக்கில் நான்காகப் பிளக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் வட்டம் அப்படியே இருக்கும், தொண்டையை அடைத்துக்கொள்ளும். முழுக் கொட்டைகளும் பாப்கார்னும் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். ஓடிக்கொண்டே தின்னவும் விடாதீர்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கலந்த எதுவும் தரக் கூடாது.

உடையும் வெயிலும்

வசந்தத்தில் காலை குளிரும், பத்து மணிக்கு வியர்க்கும், பதினொன்றுக்குத் தூறும். அதனால் தடிமனான ஒரு மேலங்கிக்குப் பதிலாக மெல்லியதாக மூன்று அடுக்கு போடுங்கள். குழந்தைக்குக் குளிர்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்க்காதீர்கள், கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பின்கழுத்துக்குக் கீழே விரலை விட்டுப் பாருங்கள். அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் சரி, ஈரமாக இருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு ஓடுகிற குழந்தையைவிட ஓர் அடுக்கு கூடுதலாக வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி உடுத்தும்போது இதைத்தான் மறந்துவிடுகிறோம்.

வெயில் விஷயத்தில் உடம்பு நம்மை ஏமாற்றும். காற்று குளிர்ந்திருப்பதால் வெயில் சுடாது என்று தோன்றும். ஆனால் தோலைப் பொசுக்குவது புற ஊதாக் கதிர். அதன் அளவு காற்றின் வெப்பத்தைப் பொறுத்ததல்ல, சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுக்காது. வானிலை அறிக்கையில் புற ஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் என்றால் தொப்பியும் சன்ஸ்கிரீனும் வேண்டும். குறியீடு பார்க்க முடியாதபோது நிழலைப் பாருங்கள்: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை என்று அர்த்தம். பெரியவளுக்கு இதை ஒரு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம், அவளே நின்று அளந்து பார்த்துத் தொப்பி கேட்பாள். ஆறு மாதம் ஆகாத குழந்தையை நிழலிலும் முழு உடையிலும் வைத்திருப்பதுதான் முறை. தள்ளுவண்டியின் மேல் துணி போட்டு மூடுவதை நிழல் என்று நினைக்காதீர்கள். காற்றோட்டம் அடைபட்டு உள்ளே சூடு ஏறிவிடும்.

கிளம்பும் காலை

காரில் போவதானால் பஞ்சடைத்த மேலங்கியோடு குழந்தையைச் சீட்டில் கட்டாதீர்கள். மோதலில் அந்தப் பஞ்சு அமுங்கி, வார் தளர்ந்துபோகும். அங்கியைக் கழற்றி, வாரை இறுக்கிவிட்டு, அங்கியை மேலே போர்த்துங்கள். சின்னக் குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காரும் சீட்டில் எவ்வளவு காலம் முடியுமோ அவ்வளவு காலம் இருக்கட்டும். அந்தச் சீட்டை முன்னால் காற்றுப்பை வேலை செய்யும் இடத்தில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

வெளியே இதமாக 22 டிகிரி இருக்கும் நாளிலும் மூடிய கார் ஒரு மணி நேரத்தில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடும், சன்னலைக் கொஞ்சம் திறந்துவைப்பதால் பெரிதாக ஒன்றும் மாறாது. தூங்கும் குழந்தையை எழுப்ப மனமில்லாமல் "ஒரு நிமிஷம்தானே" என்று விட்டுப் போகும் ஆசை எல்லாருக்கும் வரும். எழுப்பித் தூக்கிக்கொண்டே போங்கள்.

வீட்டு வாசலில் இரண்டு பேரையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். கூட்டத்தில் ஒரு குழந்தை கண்ணில் படாமல் போனால், என்ன நிறச் சட்டை என்பது அந்தப் பதற்றத்தில் நினைவுக்கு வராது, போனில் இருக்கும். கைப்பட்டையிலோ முன்கையிலோ உங்கள் எண்ணை எழுதுங்கள். பெரிய குழந்தைக்கு ஒரே ஒரு விதி போதும்: "எங்களைக் காணோம்னா நின்ன இடத்துலயே நில்லு, சத்தமா கூப்பிடு, நாங்க வருவோம்."

அங்கே என்ன செய்வது

போன இடத்தில் நிகழ்ச்சி நிரல் எதுவும் வேண்டாம், ஒரே ஒரு வேலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வேலை ஒரு சிவப்புக் கம்பளி நூல்.

முதல் வாரம் பெரியவளின் கண் உயரத்தில் இருந்த ஒரு கிளையில் அந்த நூலைத் தளர்வாகக் கட்டினோம். நுனியில் ஒரு மொட்டு, பழுப்பு நிறத்தில், சுண்டுவிரல் நகம் அளவு. செத்துப்போன மாதிரி இருந்தது. அது போன கோடையிலேயே உருவாகி, குளிர்காலம் முழுக்க அந்தச் செதில்களுக்குள் காத்திருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். "தூங்குதா?" என்று கேட்டு, தொடாமல் பார்த்தாள். இரண்டாம் வாரம் மொட்டு பருத்திருந்தது, செதில்களுக்கு நடுவே மெல்லிய பச்சைக் கோடு. மூன்றாம் வாரம் அவள் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் நூலைத் தேடிப் பிடித்தாள். "அம்மா, வாயத் திறந்துடுச்சு!" செதில்கள் பிரிந்து, மடித்த விசிறி போலச் சுருக்கம் சுருக்கமாக ஓர் இலை வெளியே வந்திருந்தது. ஓரமெல்லாம் பஞ்சு போன்ற மயிர். சின்னவன் விரலால் ஒரு தடவை தொட்டுவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

செதில்கள் உதிர்ந்த இடத்தில் கிளையைச் சுற்றி நெருக்கமான கோடுகளாக ஒரு வளையம் தங்கும். அந்தக் கிளையிலேயே கொஞ்சம் கீழே பாருங்கள், போன வருட வளையம் இருக்கும். இரண்டு வளையங்களுக்கு இடைப்பட்டது ஒரு வருட வளர்ச்சி. பெரியவள் விரலை வைத்து எண்ணி, கிளையின் நுனியிலிருந்து தன் வயதுக்குப் பின்னால் போய், "நான் பொறந்தப்ப இங்க இருந்துச்சு" என்று காட்டினாள். நான்கு வயதுக் குழந்தைக்குக் காலத்தைக் கையில் தொட்டுக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நூல் கட்ட மரம் இல்லையென்றால் வேறு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தேங்கிய குட்டையில் தவளைக் குஞ்சுகள் இருந்தால் வாரா வாரம் போய்ப் பாருங்கள்: முதலில் பின்னங்கால்கள் வரும், அப்புறம் முன்னங்கால்கள், பிறகு வால் உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும். பிடித்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். மழை விட்ட மறுநாள் மண்புழு கிடைக்கும். கையை நனைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துக் காகிதத்தின் மேல் விட்டுக் காதை வையுங்கள். அதன் உடம்பிலுள்ள நுண்ணிய முட்கள் காகிதத்தில் உராய்ந்து சரசரக்கும். கேட்டதும் ஈர மண்ணில் திருப்பி விட்டுவிடுங்கள். ஒன்றரை வயதுக்காரனுக்கு இவ்வளவு கூடத் தேவையில்லை. ஒரு பாத்திரமும் கரண்டியும் கொடுத்து மண்ணருகே உட்கார வைத்தால் நாற்பது நிமிடம் போகும்.

தரையில் இறகு முளைத்த பறவைக் குஞ்சு தனியாக நின்றால் அது பெரும்பாலும் கைவிடப்பட்டதல்ல. பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்தில்தான் இருக்கும். குழந்தைகளோடு பத்தடி பின்னால் வந்து நில்லுங்கள்.

பூக்களைப் பறித்து வாயில் வைக்கும் வயது இது. டாஃபடில், டியூலிப் போன்றவற்றின் கிழங்குகளும், வெள்ளை மணி மணியாய்த் தொங்கும் லில்லி ஆஃப் தி வேலியின் எல்லாப் பாகங்களும் நச்சு. "வாயில் வைக்காதே" என்று பத்துத் தடவை சொல்வதற்குப் பதில் கையில் குச்சியைக் கொடுத்துவிடுங்கள்.

கண்ணை எடுக்கக் கூடாத மூன்று இடங்கள்

தண்ணீர் பக்கத்தில் பெற்றோரில் ஒருவர் எட்டிப் பிடிக்கும் தூரத்திலேயே நிற்க வேண்டும், போனைப் பைக்குள் போட்டுவிட்டு. சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே சின்னக் குழந்தை மூழ்கிவிட முடியும். சத்தமே வராது, கை அடித்துக் கூப்பிடாது. மழையாலோ பனி உருகியோ ஓடைகள் வசந்தத்தில் வேகமாகவும் கடுங்குளிராகவும் ஓடும், போன கோடையில் கணுக்கால் அளவு இருந்த இடம் இப்போது அப்படி இருக்காது. இரண்டு பேர் பார்த்துக்கொள்ளும்போதுதான் கவனம் தவறுகிறது, அவர் பார்க்கிறார் என்று இவர், இவர் பார்க்கிறார் என்று அவர். நாங்கள் "இப்ப நான் பார்க்கிறேன்", "சரி, இனி நீங்க" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் மாற்றிக்கொள்கிறோம்.

அடுத்து சறுக்கு. சின்னக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்குவது பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் குழந்தையின் கால் ஓரத்தில் சிக்கி, பெரியவரின் எடை கீழே இழுக்க, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முறிவது நடக்கிறது. தனியாகச் சறுக்க முடியாத குழந்தையைச் சறுக்கின் அடிப்பகுதியில் உட்காரவைத்துப் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளுங்கள். உலோகச் சறுக்கை முதலில் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள்.

மூன்றாவது பண்ணை விலங்குகள். வசந்தத்தில் குட்டிகள் நிறைய இருக்கும், பிள்ளைகள் விடமாட்டார்கள். தொட்டுவிட்டு வந்ததும் சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும், கிருமிநாசினித் திரவம் அதற்கு ஈடாகாது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அங்கிருந்து வரும் குடல் தொற்று கடுமையாகலாம். கழுவும் முன் விரல் சூப்ப விடக் கூடாது, விலங்குகள் இருக்கும் இடத்தில் எதுவும் தின்னக் கொடுக்கக் கூடாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் செம்மறி ஆடு குட்டி போடும் இடத்துப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே எடுங்கள், நகத்தால் சுரண்டினாலும் சரி, எப்படி எடுத்தாலும் சீக்கிரம் எடுப்பதுதான் முக்கியம். பிறகு குளிர்ந்த துணியை வையுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

திரும்பும் நேரம்

குழந்தைகள் சந்தோஷமாக இருக்கும்போதே கிளம்ப வேண்டும். அழத் தொடங்கிய பிறகு கிளம்பினால் இருபது நிமிடம் தாமதமாகிவிட்டது என்று பொருள். "இன்னும் பத்து நிமிஷம்" என்பது நான்கு வயதுக்குப் புரியாது. "இன்னும் மூணு தடவ ஊஞ்சல், அப்புறம் நூலுக்கு டாட்டா சொல்லிட்டுப் போறோம்" என்றால் புரியும். விடைபெற ஒரு பொருள் இருப்பது அடத்தைப் பாதியாகக் குறைக்கிறது. பெரியவள் எதையாவது எடுத்துவர ஆசைப்பட்டால் ஒன்று மட்டும், சட்டைப் பைக்குள் அடங்குவதாக.

வீட்டுக்குள் நுழைந்ததும்

முதல் வேலை உடையைக் கழற்றுவது. மரங்களின் மகரந்தம் துணியிலும் முடியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். காய்ந்த, காற்றடிக்கும் நாட்களில் அதிகம், நல்ல மழைக்குப் பிறகு குறைவு. காய்ச்சல் இல்லாமல் தண்ணீராக மூக்கு ஒழுகி, கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தால் சளி என்று மட்டும் எண்ணாமல் ஒவ்வாமையா என்றும் மருத்துவரைக் கேளுங்கள்.

அப்படியே உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காதின் பின்புறம், முடியோரம், அக்குள், தொப்புள், இடுப்பு, தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம். உண்ணி எள்ளளவுகூட இருக்கலாம். கண்டால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, நெருப்புக்குச்சியால் சுடுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தைக் கழுவித் தேதியைக் குறித்துவையுங்கள். அடுத்த சில வாரங்களில் சிவந்த படையோ காய்ச்சலோ வந்தால் அந்தத் தேதியோடு மருத்துவரிடம் போங்கள்.

பிறகு குளியல், சாப்பாடு, தூக்கம். அவர்கள் தூங்கும்போதே காலணிச் சேற்றைத் தட்டி, ஈரத் துணியை எடுத்து, காலுறையைப் பையில் திருப்பி வைத்துவிட்டால் அடுத்த வாரம் பாதி வேலை மிச்சம்.

ஏழாவது வாரம் நாங்கள் போனபோது நூல் கண்ணில் படவே இல்லை, அவ்வளவு இலை. பெரியவள் கிளைக்குள் முகத்தை நுழைத்து, இலைகளை ஒவ்வொன்றாக விலக்கித் தேடினாள். சின்னவன் கீழே நின்று அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான், தானும் பார்க்க வேண்டுமென்று. கணவர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார். முதலில் நூலைப் பார்த்தது அவன்தான்.